பேசாத பிள்ளையின் கையில் டேப்லெட்: பறிப்பதா, பயிற்றுவிப்பதா?





நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாலை நேர மக்தபில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. வாயால் பேசமாட்டான் என்று சேர்க்கும்போதே அவனுடைய தாயார் கூறியிருந்தார். முதல் நாளன்று தோளில் மாட்டிய ஒரு டேப்லெட்டுடன் வந்து அமர்ந்தான். முப்பது பிள்ளைகள் உரத்த குரலில் அலிஃப், பா, தா என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் அவன் திரையைத் தட்டத் தொடங்கினான். அதிலிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், ஓதல் நின்றுபோனது. வகுப்பில் கைப்பேசியோ விளையாட்டுப் பொருளோ கூடாது என்பது எங்கள் விதி. எனவே டேப்லெட்டை அவனிடமிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் அலமாரிக் கதவைப் பிடித்து இழுத்தான். பிறகு காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். கடைசியில் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டான்.

வாசலில் காத்திருந்த தாயார் ஓடி வந்தார். "ஹஜ்ரத், அது விளையாடுறதுக்கு இல்லை. அதுலதான் அவன் பேசுவான்" என்றார். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் கடைசியாகத் தட்டிய சொற்கள் திரையின் மேற்பகுதியில் அழியாமல் நின்றிருந்தன: சத்தம். போதும். உம்மா.

அந்தப் பிள்ளை அடம் பிடிக்கவில்லை. தனக்கு என்ன துன்பம், என்ன வேண்டும், யார் வேண்டும் என்பதை மூன்று சொற்களில் தன் ஆசிரியருக்குத் தெளிவாகச் சொன்னான். ஆசிரியரோ அவன் வாயைப் பொத்திவிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவரும் எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

நம் குடும்பங்களில் இரண்டு விதமான தவறுகளைக் காண்கிறேன். திரை என்றாலே தீமை என்று கருதி, பேச இயலாத பிள்ளையின் கையிலிருந்து அதைப் பறிப்பது ஒன்று. பிள்ளை அமைதியாக இருந்தால் போதும் என்று அதைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது மற்றொன்று. இரண்டிலும் பிள்ளை தனித்துத்தான் விடப்படுகிறது. பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்து பயிற்றுவிக்கும்போது மட்டுமே அந்தக் கருவி பிள்ளைக்கு நாவாகிறது என்பதே என் கருத்து.

ஆட்டிசம் குறித்து நாம் அறிய வேண்டியது

ஆட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு. 1943ஆம் ஆண்டு லியோ கேனர் என்ற மருத்துவர் இதனை விரிவாக எழுதினார். 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அப்படியானால் ஒரு நடுத்தர ஊரின் ஜமாஅத்தில் இத்தகைய பிள்ளை ஒன்றுகூட இல்லை என்று கூறுவது கடினம். பள்ளிவாசலில் அவர்களை நாம் காணவில்லை என்றால், அவர்கள் வீட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றே பொருள்.

ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலர் சரளமாகப் பேசுவர். ஆயினும் பிறருடைய முகக்குறிப்பும் மறைபொருளும் அவர்களுக்கு விளங்கா. சிலர் கேட்ட சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வர். சிலருக்குப் பேச்சு மிகக் குறைவாகவே வரும் அல்லது வராமலே இருக்கும். பேச்சு வரவில்லை என்பதற்காக அறிவு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாம் பேசுவதைப் புரிந்துகொண்டும் விடை கூற வழியின்றித் தவிக்கும் பிள்ளைகள் பலர் உள்ளனர். அந்தத் தவிப்பே பல நேரங்களில் அலறலாகவும் கடியாகவும் வெளிப்படுகிறது.

இதனைக் கண்ணேறு என்றும் ஜின்னின் தீண்டல் என்றும் தாயின் வளர்ப்புக் குறை என்றும் சொல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் உள்ளது. பிள்ளைக்காக ஓதுங்கள், துஆ செய்யுங்கள். அதனை எவரும் தடுக்கவில்லை. ஆனால் ஓதிப் பார்ப்பதிலேயே மூன்று, நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டு ஐந்தாம் ஆண்டில் மருத்துவரிடம் செல்லும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். மருத்துவத்தை நாடுமாறு நமக்கு வழிகாட்டியவர்கள் நபி (ஸல்) அவர்களே. பேச்சுப் பயிற்சிக்கு மிகவும் ஏற்ற இளமைப் பருவத்தைத் தயக்கத்தில் இழந்துவிடக் கூடாது.

சைகையும் சொல்லே என்பது நம் மார்க்கச் சட்டம்

"எத்தனை படத்தைத் தொட்டாலும் அது பேச்சாகிவிடுமா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். மதரஸாவில் படித்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்ல நான் தொலைவில் எங்கும் செல்ல வேண்டியதில்லை.

ஸகரிய்யா (அலை) அவர்களுக்கு மூன்று நாட்கள் மக்களுடன் பேச இயலாத நிலை ஏற்பட்டபோது, சைகையால் அவர்களுக்குச் செய்தி சொன்னதைத் திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயம் கூறுகிறது. அதே அத்தியாயத்தில், பேசாதிருக்க நேர்ந்துகொண்ட மர்யம் (அலை) அவர்கள் தம்மைக் கேள்வி கேட்டவர்களுக்கு மழலையைச் சுட்டிக் காட்டியே விடையளித்தார்கள். நாவு ஓய்ந்த இடத்தில் விரல் பேசியது.

ஃபிக்ஹ் அறிஞர்கள் இதனைச் சட்டமாகவே வகுத்தனர். உஸ்மானியப் பேரரசின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பின் 70ஆவது விதி, பேச இயலாதவர் வழக்கமாகச் செய்யும் சைகையை நாவினால் கூறும் விளக்கத்துக்கு நிகராக வைக்கிறது. பேச இயலாதவரின் நிக்காஹ்வும் விற்றல் வாங்கலும் புரியத்தக்க சைகையால் செல்லும் என்பதை நம் மாணவர்கள் பாடமாகவே படிக்கிறார்கள். ஒரு திருமணமே சைகையால் நிறைவேறும் என்றால், ஒரு பிள்ளை படத்தைத் தொட்டுத் தண்ணீர் கேட்பதை மட்டும் பேச்சென்று ஏற்க நாம் ஏன் தயங்க வேண்டும்? இந்தச் சட்டத்தை ஆண்டுதோறும் கற்பித்த நானே அந்த டேப்லெட்டை அலமாரியில் பூட்டினேன் என்பதுதான் என் வெட்கம்.

செயலி எவ்வாறு பேசுகிறது?

திரையில் கட்டம் கட்டமாகப் படங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சொல் இருக்கும். பிள்ளை ஒரு படத்தைத் தொட்டால் கருவி அச்சொல்லை உரக்கச் சொல்லும். 'எனக்கு', 'வேண்டும்', 'தண்ணீர்' என்று அடுத்தடுத்துத் தொட்டால் ஒரு தொடர் உருவாகும்.

டேப்லெட் வருவதற்கு முன்பே இம்முறைக்கு வேர் உண்டு. 1985இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவர், படம் வரைந்த அட்டையை எடுத்துக் கொடுத்துத் தன் தேவையைத் தெரிவிக்கும் பயிற்சி முறையை உருவாக்கினர். அது இன்றும் உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. நம் சென்னையிலேயே உருவான செயலியும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் என்பவரின் முயற்சியில் உருவான 'ஆவாஸ்' முதலில் தனிக் கருவியாக வெளிவந்து, பின்னர் டேப்லெட்டுக்கான செயலியாயிற்று. தமிழிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

எந்தச் செயலியாயினும், நம் வீட்டுச் சொற்கள் அதில் முன்கூட்டியே இருக்கமாட்டா. வாப்பா, உம்மா, நன்னா, பாங்கு, நோன்புக் கஞ்சி ஆகியவற்றை நாமே படம் எடுத்து, நம் குரலிலேயே பதிவு செய்து சேர்க்க வேண்டும். ஒரு பிள்ளை தன் வாழ்வில் முதன்முதலாகக் கேட்டுப் பெறும் பொருள் நோன்புக் கஞ்சியாக இருக்கலாம். அச்சொல் திரையில் இல்லையென்றால் அவன் எப்படிக் கேட்பான்?

"இதற்குப் பழகிவிட்டால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடாதா?" என்பது தாய்மார்களின் பெரிய அச்சம். இதுவரை நடந்த ஆய்வுகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. 2014இல் கோனி கஸாரி என்ற பேராசிரியரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 5 முதல் 8 வயது வரையிலான, மிகக் குறைவாகவே பேசும் 61 பிள்ளைகள் அதில் பங்கேற்றனர். எல்லாருக்கும் ஒரே வகைப் பயிற்சி அளிக்கப்பட்டது; ஒரு பகுதியினருக்கு மட்டும் அத்துடன் குரல் தரும் கருவியும் தரப்பட்டது. தொடக்கத்திலிருந்தே கருவியுடன் பயின்றவர்கள் தாமாகவே முன்வந்து கருத்தைத் தெரிவிப்பதில் மற்றவர்களை விட முன்னேறினர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அப்பிள்ளைகளிடம் கருவியைக் கொடுத்துவிட்டு எவரும் எழுந்து போகவில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் அமர்ந்து விளையாடிக்கொண்டே கற்பித்தார்.

எழுப்பப்படும் ஐயங்கள்

திரை பிள்ளைகளைக் கெடுக்கும் என்று நாம் மிம்பரிலிருந்தே சொல்லிவருகிறோமே என்று கேட்பீர்கள். அந்த எச்சரிக்கை சரியானதே. இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமும் வழிகாட்டியது. ஆயினும் கார்ட்டூன் பார்க்கும் திரையும் பேசுவதற்கான திரையும் ஒன்றல்ல. முதலாவதில் பிள்ளை வாய்மூடிப் பார்க்கிறது. இரண்டாவதில் தன் மனத்திலிருப்பதைச் சொல்கிறது. கண்ணாடி அணிந்தவரிடம் "ஒரு மணி நேரம் அணிந்தது போதும், கழற்று" என்று நாம் சொல்வதில்லை.

உயிருள்ளவற்றின் உருவப் படங்கள் கூடுமா என்பதும் நம் வட்டாரத்தில் எழும் கேள்வி. ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பொம்மைகளுடன் விளையாடியதும் நபியவர்கள் அதைத் தடுக்காததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. அதனைச் சான்றாகக் கொண்டு பிள்ளைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் அறிஞர் பலர் விலக்கு அளித்துள்ளனர். அப்போதும் மனம் ஒப்பாதவர்கள் குவளை, செருப்பு, தொழுகை விரிப்பு போன்ற பொருட்களின் படங்களைக் கொண்டே தொடங்கலாம். பின்னணி இசை வேண்டாம் என்றால் அமைப்புகளில் அதை நிறுத்திவிடலாம்.

செயலியால் ஆட்டிசம் குணமாகுமா என்றும் கேட்கிறார்கள். ஆகாது. அவ்வாறு விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தை இழக்காதீர்கள். வேறொரு முறை குறித்தும் எச்சரிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துகளைத் தட்டச் செய்து, "பாருங்கள், உங்கள் பிள்ளை எழுதிவிட்டான்" என்று காட்டுவார். அவ்வாறு வரும் சொற்கள் பிள்ளையுடையவை அல்ல, கையைப் பிடித்தவருடையவை என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. அமெரிக்கப் பேச்சு மொழி மருத்துவச் சங்கம் 2018இல் அம்முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. விரல் பிள்ளையுடையதாக இருப்பது மட்டும் போதாது; விருப்பமும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பேசும் கருவியையும் பொழுதுபோக்குக் கருவியையும் பிரித்துவிடுங்கள். இயன்றால் இரண்டு கருவிகள். இயலாவிட்டால், ஒரு செயலியிலிருந்து வெளியேற முடியாதபடி திரையைப் பூட்டும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் உள்ளது. அதனைப் பயன்படுத்துங்கள். விளம்பரம் குறுக்கிடும் இலவசச் செயலிகளைத் தவிருங்கள்.

இரண்டாவதாக, பிள்ளை தொடுவதற்கு முன் நீங்கள் தொடுங்கள். "உம்மா சோறு சாப்பிடப் போறேன்" என்று வாயால் சொல்லும்போதே 'உம்மா', 'சோறு', 'சாப்பிடு' என்ற படங்களைத் தொட்டுக் காட்டுங்கள். எந்தப் பிள்ளையும் மொழியைக் கேட்டுக் கேட்டே கற்கிறது. இந்தப் பிள்ளைக்கு அதனைப் பார்த்துப் பார்த்துக் கற்கும் வாய்ப்பைத் தர வேண்டும். பல மாதங்கள் பிள்ளையிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் போகலாம். ஸப்ரு இதற்கும் தேவை.

மூன்றாவதாக, 'வேண்டும்' என்பதைக் கற்பிக்கும்போதே 'வேண்டாம்', 'போதும்', 'உதவி', 'வலி' ஆகியவற்றையும் கற்பியுங்கள். பல வீடுகளில் பிஸ்கட் கேட்க மட்டும் பிள்ளைக்குச் சொல் தருகிறார்கள். மறுப்பதற்குச் சொல் தருவதில்லை. மறுக்கச் சொல் இல்லாத பிள்ளை கடித்துத்தான் மறுக்கும். தன் உடலில் எங்கே வலிக்கிறது, யார் தன்னைத் துன்புறுத்தினார் என்று சொல்லவும் அதற்கு வழியில்லாமல் போகும்.

நான்காவதாக, வணக்க வழிபாடுகளுக்கும் படங்களைப் பயன்படுத்துங்கள். உளூவின் ஒவ்வொரு படியையும் உங்கள் வீட்டுக் குழாயடியில், அப்பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ செய்யச் சொல்லிப் படமெடுத்து வரிசையாக வையுங்கள்: மணிக்கட்டு வரை கைகள், வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கைகள், தலை, கால்கள். அடுத்து என்ன என்பது முன்கூட்டியே தெரியும்போது இப்பிள்ளைகளின் பதற்றம் பெரிதும் குறைகிறது. பெருநாள் தொழுகைக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ போகும் முன்பும் இவ்வாறே படங்களைக் காட்டி ஆயத்தப்படுத்தலாம்.

டேப்லெட் வாங்க இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். அட்டையில் ஒட்டிய இருபது படங்களும் ஓர் இரும்பு வளையமும் இருந்தால் தொடங்கிவிடலாம். மின்சாரம் இல்லாத நாளுக்கு, டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கும் அது தேவைப்படும்.

மக்தபுக்கும் ஜமாஅத்துக்கும் உள்ள பொறுப்பு

அறிவு முதிராதவர் மீது மார்க்கக் கடமைகள் இல்லை என்ற சட்டத்தைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்குத்தான் தொழுகை கடமையில்லையே, ஏன் சிரமப்படுகிறீர்கள்?" என்று பெற்றோரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் உள்ளது. முதலில், ஆட்டிசம் உள்ள ஒவ்வொருவரும் அச்சட்டத்துள் வருவதில்லை. நன்கு விளங்கிக்கொள்வோர் பலர் உள்ளனர். அடுத்து, கடமை இல்லை என்பதால் உரிமையும் இல்லை என்று ஆகிவிடாது. அல்லாஹ்வின் பெயரைக் கற்கவும், பள்ளிவாசலின் நிழலில் அமரவும் அப்பிள்ளைக்கு உரிமை உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜகாத் பெறத் தகுதியுள்ள வறிய குடும்பத்தில் இத்தகைய பிள்ளை இருந்தால், அத்தொகையை அக்குடும்பத்துக்கே உரிமையாக்கிக் கொடுங்கள். அவர்கள் கருவி வாங்கிக்கொள்வார்கள். மக்தபுக்குப் பொதுவாகக் கருவி வாங்குவதென்றால் அதற்கு ஸதகா நிதியைப் பயன்படுத்துங்கள். திருமண மண்டபத்தின் அலங்கார விளக்கிற்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

அரசு வழங்கும் உரிமைகளையும் அறிந்து சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் ஆட்டிசமும் ஒன்று. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நடைபெறும் 'நிராமயா' திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. மாவட்டங்களில் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்திலும் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் வழியுண்டு. ஜும்ஆவுக்குப் பின் இரண்டு நிமிடம் ஒதுக்கி இதை அறிவித்தாலே பல வீடுகளின் கதவு திறக்கும்.

இறுதியாக

அந்தச் சிறுவன் இப்போதும் எங்களிடம் வருகிறான். மற்றப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு வருகிறான், சன்னலோரம் அமர்கிறான், பத்து நிமிடம் மட்டும் இருக்கிறான். அவனுடைய திரையில் என் புகைப்படத்தையும் அவனுடைய தாயார் சேர்த்திருக்கிறார். அதன்கீழ் 'ஹஜ்ரத்' என்று எழுதியிருக்கிறது. சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் அவன் அப்படத்தைத் தொட்டான். அடுத்து 'போதும்' என்பதைத் தொட்டான். நான் கிதாபை மூடினேன். தான் சொன்னது கேட்கப்பட்டது என்று அறிந்ததும் அவன் எழுந்து ஓடவில்லை. சற்று நேரம் என்னருகிலேயே அமர்ந்திருந்தான்.

பார்வையற்றவரான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கற்க நாடி வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்நேரத்தில் முகம் திருப்பியதற்காக அல்லாஹ் தன் தூதருக்கே அறிவுரை கூறி இறக்கியருளியது 80ஆவது அத்தியாயமான அபஸ. அந்தத் தோழரே பின்னாளில் மதீனாவில் பாங்கு சொல்பவரானார்கள். கற்க வந்த ஒருவரைப் புறக்கணிப்பது எத்துணைப் பெரிய செய்தி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நம் அலமாரிகளில் இன்னும் எத்தனை பிள்ளைகளின் குரல் பூட்டிக் கிடக்கிறதோ, அல்லாஹ்வே நன்கறிந்தவன். அவற்றைத் திறந்து கொடுக்கவும், பொறுமையுடன் அருகில் அமரவும் அவன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.